ஆறுதல்: பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லை

போன மாதம் பரணை ஒழித்தோம். ஒழித்தோம் என்றால், மேலே இருந்ததையெல்லாம் கீழே இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, "இது இருக்கட்டுமே" என்று சொல்லி, திரும்பவும் மேலேயே ஏற்றினோம். அந்த இறக்குதலுக்கும் ஏற்றுதலுக்கும் நடுவில், கைப்பிடி உடைந்த ஒரு குக்கருக்குள்ளிருந்து 2009-ஆம் வருஷத்து டைரி ஒன்று வந்தது. காப்பீட்டு முகவர் யாரோ புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஜனவரியில் ஐந்து நாள் பால் கணக்கு இருக்கிறது, ஆறாம் தேதியிலிருந்து வெறும் தாள் (எல்லார் வீட்டு டைரியும் ஆறாம் தேதிதான் சாகும் போல). பிப்ரவரியைப் புரட்டினால் வேறு கதை. பக்கத்தின் உச்சியில், அடிக்கோடு போட்டு:

"ஆறுதல் (பெ.): பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லை என்று தெரிவது."

அப்பாவின் கையெழுத்து. கீழே பச்சை மையில் ஒரு சுருக்கொப்பம்.

டைரிதான் 2009, எழுதியது 2012. அந்த வருஷம் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும், ராத்திரியிலும் அப்படித்தான். போனதும் யாராவது ஒருவர் வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பார். எதிர் வீடும் இருட்டாக இருந்தால் "ஊருக்கே இல்லப்பா" என்ற குரலில் ஒரு நிம்மதி. நம் வீட்டில் மட்டும் இல்லையென்றால்தான் பதற்றம், ஃபியூஸ், ஏணி, டார்ச்சு, யாரோ ஒருவர் மேல் பழி. இதைத்தான் அப்பா ஒரு வரியில் எழுதிவிட்டார். எனக்குத் தெரிந்த அகராதிகளில் ஆறுதல் என்ற சொல்லுக்கு மன அமைதி, தணிதல் என்றெல்லாம் பொருள் போட்டிருக்கிறது, அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் 2012-இல் எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள்.

விளையாட்டு எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம், கையில் ஆளுக்கொரு பனையோலை விசிறி. டிவி கிடையாது, செல்போனில் சார்ஜ் கிடையாது. யாராவது ஒரு சொல்லைச் சொல்வார்கள், மற்றவர்கள் அதற்குப் பொருள் சொல்ல வேண்டும், அகராதியில் இருக்கும் பொருளைச் சொன்னால் ஆட்டம் காலி. நன்றாக இருந்தால் மறுநாள் காலை அப்பா அதை டைரியில் ஏற்றுவார்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத் தமிழ் அவருக்குத் தாய்மொழி மாதிரி. கடிதம் எழுதினால் "பொருள்:" என்று ஒரு வரி, "பார்வை:" என்று ஒரு வரி, அப்புறம்தான் விஷயம். பச்சை மை கெஜட்டட் அதிகாரிகளுக்கு உரியது, எழுத்தருக்கு அது கிடையாது. முப்பது வருஷம் நீல மையில் எழுதி, பச்சை மை வைத்திருந்தவர்களின் மேசைக்குக் கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தவர், ஓய்வுக்குப் பிறகு கடைக்குப் போய் ஒரு பச்சைப் பேனா வாங்கினார். அந்தப் பேனா இந்த டைரிக்கு மட்டும்தான். அவர் ஏற்றிய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது: "பரிசீலனை (பெ.): ஒரு கோப்பின் மேல் இன்னொரு கோப்பு வைக்கப்பட்ட நிலை." அடுத்த பக்கத்தில் "ஆவன செய்யப்படும்" என்பதற்கு, "இக்கடிதம் கிடைத்தது." அவ்வளவுதான். இதைக் கேட்டு நாங்கள் சிரித்தது ஒரு பங்கு என்றால், அவருடைய பழைய அலுவலக நண்பர் ஒருவர் வந்திருந்தபோது படித்துவிட்டுச் சிரித்தது பத்துப் பங்கு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தி குடும்பம் கோடை விடுமுறைக்கு வந்தபோது ஒரு முழு ஆணையே பிறப்பித்திருக்கிறார். "பொருள்: உறவினர் வருகை – நான்கு நாட்கள் தங்குதல் – பாய், தலையணை ஒதுக்கீடு – தொடர்பாக. பார்வை: தங்களின் திடீர் தொலைபேசி."

ஆனால் இந்த விளையாட்டில் ராணி அப்பா இல்லை, அத்தை. அப்பாவுக்கு அக்கா, ஐந்தாவதோடு படிப்பு நின்றது, எதையும் எழுதித் தரமாட்டார். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே தலை நிமிராமல் ஒன்று சொல்வார், நாங்கள்தான் ஓடிப் போய்க் குறிக்க வேண்டும். "விசிறின்னா என்னத்தை?" என்று கேட்டேன். "வீசுறவளுக்குக் கை வலி, மத்தவங்களுக்குக் காத்து" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம், "இந்த வீட்டுல நான்தான்டா விசிறி" என்று சேர்த்தார். இந்தப் பின்னொட்டு டைரியில் இல்லை, அப்பா தணிக்கை செய்துவிட்டார்.

பரவாயில்லை என்ற சொல்லுக்கு அத்தை சொன்னதை மட்டும் அப்பா முழுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அத்தை சொன்ன விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, உத்தேசமாக இப்படி: மாமியார் சொன்னால், நன்றாக இருக்கிறது. விருந்துக்கு வந்தவர் சொன்னால், நன்றாக இல்லை. காலை மிதித்துவிட்டு நாம் மன்னிப்புக் கேட்கும்போது ஒருத்தர் சொன்னால், ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். ஒரே சொல், மூன்று பொருள், மூன்றும் ஒன்றுக்கொன்று எதிர், மூன்றும் உண்மை. 1992-இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வந்தபோது அதில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது சொல்லுக்குக் கீழே இன்றைய வழக்கிலிருந்து உதாரண வாக்கியம் கொடுத்திருந்ததுதான். பொருளைவிட அந்த வாக்கியம்தான் சொல் எந்த வாயிலிருந்து வருகிறது என்று காட்டும். அத்தைக்கு அந்த அகராதியைத் தெரியாது, ஆனால் பொருளை யார் சொன்னது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

சும்மா என்ற சொல்லுக்காக மட்டும் மூன்று நாள் சண்டை நடந்தது. தம்பி, "சும்மாதான் போன் பண்ணேன்: மூன்றாவது நிமிஷத்தில் பணம் கேட்கப்படும்" என்றான். அக்கா, "காரணம் உண்டு, உன்னிடம் சொல்வதற்கில்லை" என்றாள். அத்தை, "அம்மா நாள் பூரா வீட்டுல செய்யுறது" என்றார். (வேலைக்குப் போகிறாரா என்று கேட்டால், இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறார் என்று சொல்கிறோமே, அது.) அப்பா கடைசியில் கந்தர் அனுபூதியை இழுத்துக்கொண்டு வந்தார். முருகன் அருணகிரிநாதரிடம் "சும்மா இரு, சொல் அற" என்றானாம், அதைக் கேட்டதும் "அம்மா பொருளொன்றும் அறிந்திலனே" என்று பாடுகிறார் அவர். "பாத்தியா, அவருக்கே பொருள் தெரியலை" என்று அப்பா தீர்ப்பளித்தார். பாட்டில் அந்தப் பொருள் வேறு பொருள் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் யார் உரை பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

இந்தக் கிறுக்கு எங்கள் வீட்டோடு போகவில்லை, ரொம்பப் பழையது. பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்குக் குழூஉக்குறி ஞாபகம் இருக்கும். ஒரு தொழில் செய்யும் கூட்டம், வெளியாளுக்குப் புரியாமலிருக்க, ஒரு பொருளுக்கு வழக்கமான பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைத்துக்கொள்வது. உரைகளில் வரும் உதாரணங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம்: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது, யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பது, வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பது. மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு மறந்த இந்தக் கடைசி உதாரணத்தை நிதானமாகத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். சொல்விளம்பி. சொல்லைப் பேச வைப்பது. கள் உள்ளே போனால் என்ன வெளியே வரும் என்று பெயரிலேயே இருக்கிறது. யாரோ ஒரு வேடன், காட்டோரமாக உட்கார்ந்து, பக்கத்தில் உளறிக்கொண்டிருந்தவனைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்க வேண்டும். இலக்கண நூலுக்கு உரை எழுதியவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் டைரியில் இருக்கும் அத்தனையையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு எடை நிற்காது.

அதே இடத்தில் மங்கலம் என்றும் ஒன்று வரும். சுடுகாட்டை 'நன்காடு' என்பது, கறுப்பு ஆட்டை 'வெள்ளாடு' என்பது. கறுப்பை வெள்ளை என்று சொல்வதற்கு இலக்கணத்தில் அனுமதி வாங்கிவைத்த இனம் நாம். 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்கிறோம், திரும்பி வருகிற உத்தேசமே இல்லாத வீட்டு வாசலில் நின்றுகொண்டுகூட.

அகராதிக்காரர்களையும் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அதற்கு முன்னால் இருந்த நிகண்டுகள் செய்யுளில் இருக்கும், உருப்போட வேண்டும். சொல்லை அகர வரிசையில் அடுக்கித் தேடி எடுக்கிற மாதிரி சதுரகராதியை 1732-இல் செய்தவர் வீரமாமுனிவர். அதே மனிதர்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை முக்கிப் பார்த்த சீடர்களை எழுதிய கையும், சொல்லுக்குப் பொருள் எழுதிய கையும் ஒன்றுதான். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நாள் முழுக்கச் சொல்லுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருப்பவனுக்குக் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராவிட்டால்தான் ஏதோ கோளாறு.

இப்போதெல்லாம் வாட்ஸப்பில் 'புதிய அகராதி' என்று வாரத்துக்கு ஒன்று வருகிறது. எனக்கு முக்கால்வாசி பிடிப்பதில்லை. பாதி, மனைவியைக் கிண்டல் செய்வது. அதை எழுதியவர்கள் வீட்டில் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. மீதி, எங்கோ இங்கிலீஷில் எழுதியதைத் தமிழ் எழுத்தில் மாற்றியது. மாநாட்டு அறை, அரசியல்வாதி, வக்கீல், டாக்டர் என்று வரிசையாக வரும், படித்தால் இது நம் ஊர் டாக்டர் இல்லை என்று தெரிந்துவிடும். நம் ஊர் டாக்டரைப் பற்றி எழுதுகிறவன் டோக்கனைப் பற்றி எழுதுவான், "முப்பத்தேழு யாரு?" என்று கத்தும் அக்காவைப் பற்றி எழுதுவான். இன்னொரு வியாதி ஆச்சரியக்குறி. அகராதி சிரிக்கக் கூடாது. பெயர்ச்சொல் என்றால் அடைப்புக்குள் 'பெ.' போட்டு, அறிவிப்புப் பலகை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், கடைசியில் மூன்று ஆச்சரியக்குறியும் ஒரு சிரிக்கிற மஞ்சள் முகமும் வைத்தால் அங்கேயே உயிர் போய்விடும். தம்பி ஒருமுறை 'நன்றி' என்ற சொல்லுக்குப் பொருளே எழுதவில்லை, பக்கத்தில் "(அருகிவரும் வழக்கு)" என்று மட்டும் போட்டான். அகராதி அறிந்தவன் வேலை அது.

பஸ்ஸில் கிடைத்தவை நிறைய. "சில்லறை (பெ.): பயணச்சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதித் தரப்படும் கடன் பத்திரம், இறங்கும் அவசரத்தில் தள்ளுபடியாகும்." இது என்னுடையது, கடன் பட்டவன் என்ற முறையில் எழுதியது. "அட்ஜஸ்ட் (வி.): நாலாவதாக வந்து உட்காருபவர், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மூவருக்கும் சொல்லும் வினை, சொல்பவரைக் கட்டுப்படுத்தாது." இது அக்கா. மொய்க்கு அப்பா எழுதியதைப் படித்துவிட்டு அம்மா கோபித்துக்கொண்டார்: "ஒலிபெருக்கியில் தொகை சொல்லி அறிவிக்கப்படும் அன்பு, நோட்டுப் பார்த்துத் திருப்பித் தரப்படும்." அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டு மொய் நோட்டு அம்மாவின் பீரோவில்தான் இருக்கிறது.

சித்தப்பா விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அப்பாவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார், இலை போட்ட சத்தம் அவர் வீட்டுக்குக் கேட்கும் போல. என் தம்பிக்கு அப்போது பதினாலு வயசு. டைரியில் ஒரு நாள் எழுதிவைத்தான்: "சித்தப்பா (பெ.): சாப்பாட்டு நேரம் காட்டும் கருவி. சாவி கொடுக்கத் தேவையில்லை." எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் "கிழிச்சுப் போடுடா அதை" என்றார். யாரும் கிழிக்கவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து, சித்தப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கென்று கரண்ட் இருந்தது. டிவி மேலே கிடந்த டைரியை எடுத்து, சும்மா (மேலே சொன்ன எந்தப் பொருளிலும் அல்ல) புரட்ட ஆரம்பித்தார். நான் சமையலறை வாசலில் ரசச் சட்டியோடு நிற்கிறேன். முதல் சில பக்கங்களுக்குச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்திருந்தார். தம்பி கொல்லைப்பக்கமாக நழுவிவிட்டான். சாப்பிடும்போது சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுசோறு வேண்டாம் என்றார், அது எங்கள் வீட்டு வரலாற்றில் இல்லாதது. கை கழுவி வந்ததும், "அண்ணே, பேனா இருக்கா?" என்றார். வாங்கி, அதே சொல்லுக்குக் கீழே, பொடி எழுத்தில் எழுதினார்:

"2. இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினப்பவும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர். அன்னைக்குத் தூக்குவாளி அவர் கையில இருந்தது."

அப்பா படித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. வீடு கட்டிய அந்த நாலு மாதமும், கொத்தனாருக்குக் கூலி கொடுத்துவிட்டு அப்பா பட்டினியாக நிற்பார் என்று தெரிந்து, சித்தி கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சைக்கிளில் கொண்டு வந்தவர் சித்தப்பா என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அப்பா பச்சைப் பேனாவை எடுத்தார். முதல் பொருளுக்கு எதிரே "வழக்கொழிந்தது" என்று எழுதினார், இரண்டாவதன் கீழே சுருக்கொப்பம் போட்டார். அடுத்த ஞாயிறு சித்தப்பா பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். இரண்டு தடவை சோறு வாங்கினார்.

இங்கிலீஷ்காரர்களில் சாமுவேல் ஜான்சன் என்பவர் 1755-இல் வெளியிட்ட பெரிய அகராதியில் ஓட்ஸ் என்ற தானியத்துக்கு, இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைக்குக் கொடுப்பது, ஸ்காட்லாந்தில் மக்களைத் தாங்குவது என்கிற மாதிரி பொருள் எழுதினார். அகராதி செய்கிறவன் என்ற சொல்லுக்கு, யாருக்கும் கெடுதல் செய்யாத மாடாய் உழைக்கிறவன் என்று தன்னையும் சேர்த்தே எழுதிக்கொண்டார். அவருக்கு நகலெடுத்துக் கொடுத்த ஆறு எழுத்தர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஓட்ஸ் சொல்லை நகலெடுத்தது அந்த ஐந்து பேரில் யாராவது ஒருவராக இருந்தால், அவர் அன்று சாப்பாட்டு வேளையில் என்ன பேசியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. அந்த எழுத்தருக்கு இரண்டாவது பொருள் எழுத யாரும் பேனா கொடுத்திருக்க மாட்டார்கள். வாட்ஸப் அகராதிகளில் எனக்கு இருக்கும் குறையும் இதுதான். யாரைப் பற்றிப் பொருள் எழுதுகிறோமோ அவர் அதே அறையில் இல்லை.

கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் விளையாட்டு நின்றுபோனது. ஒரு நாளில் நிற்கவில்லை, மாடியில் பாய் விரிப்பது குறைந்தது, ஆளுக்கொரு போன் வந்தது, டைரி குக்கருக்குள் போனது. கடைசியாக எழுதியது ஆகஸ்ட் பக்கத்தில் இருக்கிறது, "இன்வெர்ட்டர்" என்று சொல் மட்டும், பொருள் எழுதாமல்.

பரண் ஒழித்த அன்று அக்கா மகளும் வந்திருந்தாள். பத்து வயசு. டைரியைக் கேட்டு வாங்கித் தரையில் குப்புறப் படுத்துப் படித்தாள். ஆறுதல் பக்கத்துக்குச் சிரிக்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதே கிடையாது, அவள் வளர்வது பெங்களூரில் ஏதோ ஒரு பதினோராம் மாடியில், ஜெனரேட்டர் நாலு நொடியில் எடுத்துக்கொள்கிறது. பரவாயில்லைக்குக் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"மாமா, மிஸ்டு கால்னு போட்டு, 'காசில்லாத தந்தி'ன்னு எழுதியிருக்கு. காலை மிஸ் பண்ணா எப்படி தந்தி? தந்தின்னா என்ன?"

உட்கார்ந்து விளக்கினேன். ஒரு காலத்தில் போன் பேசினால் நிமிஷத்துக்குக் காசு என்பதில் ஆரம்பித்தேன். அதனால் எதிராளி எடுப்பதற்குள் வைத்துவிடுவோம், ஒரு தடவை அடித்தால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு தடவை அடித்தால் கீழே வா, மூன்று தடவை என்றால் அப்பா வீட்டில் இருக்கிறார், வராதே. தெரியாமல் எடுத்துவிட்டால் எப்படித் திட்டு விழும், ரீசார்ஜ் கூப்பனை நகத்தால் சுரண்டும்போது எண் எப்படி அழிந்துபோகும், பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் எவ்வளவு கையில் நிற்கும், எல்லாம் சொன்னேன். தந்தியையும் சொன்னேன். அதற்குள் அத்தை ஒரு காபி குடித்து முடித்துவிட்டார். குழந்தை பொறுமையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அப்புறம் பேனா கேட்டாள், டைரியில் அதே இடத்தில், உருண்டையான எழுத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாள்:

"2. மாமா அரை மணி நேரம் பேசுற விஷயம்."

அத்தை தலை நிமிராமல், "எடு, உங்க தாத்தாக்கிட்ட கையெழுத்து வாங்கு" என்றார். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பச்சைப் பேனாவைத் திறந்தார். மை காய்ந்திருந்தது. அதை இரண்டு தடவை உதறி, நாளிதழ் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்து, நாக்கில் தொட்டு, மறுபடி கிறுக்கினார்.

"பரிசீலனையில இருக்கு" என்றார்.